பாலும் எண்ணெயும்: பேராக் தோட்டங்களை ஆண்ட கொழுப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தைப்பிங்கிலிருந்து துரோங் வழியாகப் பந்தாய் ரெமிஸ் போகும் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரியை ஒட்டி யாரும் வண்டி ஓட்ட மாட்டார்கள். முள் நிறைந்த குலைகள் குவியலாகக் கிடக்கும். வளைவில் ஒன்று சரிந்தால் முன்கண்ணாடி தப்பாது. உதிர்ந்த பழங்கள் டயரில் நசுங்கிய இடமெல்லாம் தாரில் ஆரஞ்சு நிறக் கறை படிந்திருக்கும். தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். அந்த மழைக்கும் இந்தக் கறை லேசில் போவதில்லை.

கறையில் இருக்கும் எண்ணெய் தண்ணீரில் கரையாது, குளோரோபாம், ஈதர் போன்ற திரவங்களில் கரையும். இப்படிப்பட்ட உயிர்ப்பொருள்களுக்கு உயிரியலில் லிப்பிட் என்று பெயர். எண்ணெய், நெய், மெழுகு, கொலஸ்ட்ரால், செல்லின் உறையில் உள்ள கொழுப்பு, கேரட்டுக்கும் செம்பனைக்கும் நிறம் தரும் கரோட்டின் எல்லாம் இதில் அடங்கும். புரதம் என்றால் அமினோ அமிலங்களின் கோவை, மாவுச்சத்து என்றால் சர்க்கரையின் கோவை என்று அமைப்பைச் சொல்லி விளக்கிவிடலாம். லிப்பிடை அப்படி ஒரே வரியில் அடக்க முடியாது. தண்ணீரோடு சேராத குணம்தான் இந்தப் பெரிய குடும்பத்தைக் கட்டிவைத்திருக்கிறது. 2005இல் உலக விஞ்ஞானிகள் ஒன்றுகூடி இதை எட்டுப் பிரிவுகளாக வகுத்தார்கள்.

பேராக் தமிழர்கள் மூன்று நான்கு தலைமுறையாக உழைத்தது பெரும்பாலும் இரண்டு பயிர்களில்தான்: முதலில் ரப்பர், பிறகு செம்பனை. இரண்டிலும் விலைபோனது தண்ணீரோடு சேராத பொருள். எத்தனை மணிக்குப் பெரட்டு (காலை ஆள்கணக்கு), எந்தப் பழத்தை வெட்டலாம், எவ்வளவு நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், எதற்குக் கூலி பிடிப்பார்கள் என்பதையெல்லாம் தோட்டத்துத் துரையும் கணக்கெழுதும் கிராணியும் முடிவு செய்ததாகத்தான் தோன்றும். அந்த முடிவுகளில் பாதியை மூலக்கூறு ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தது.

வெள்ளைப் பால் ஏன் உறையவில்லை?

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, தைப்பிங்கிலிருந்து ஒரு மலைத்தொடர் தாண்டினால் வரும் கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டம் அது. அங்கிருந்து பரவிய மரம்தான் பிறகு தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆள்களை இழுத்து வந்தது.

பால் வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கும். வெயில் ஏறுவதற்கு முன் மரப்பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் நீரழுத்தம் அதிகம். அப்போது உளி பட்டால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து ஓட்டமும் குறையும். மழை பெய்தால் வெட்டே இல்லை. நனைந்த பட்டையில் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்துவிடும், மங்கில் (பால் ஏந்தும் கிண்ணத்தில்) விழுந்ததும் தண்ணீரோடு போய்விடும்.

அந்தப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீருக்குள் தண்ணீரோடு சேராத பொருள் எப்படிப் பல மணி நேரம் மிதந்துகொண்டிருக்கிறது? ஒரு துளி பாலை நுண்ணோக்கியில் பார்த்தால் விடை கிடைக்கும். ரப்பர் தனித்தனி உருண்டைகளாக இருக்கிறது. பெரிய உருண்டைகூட ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் பாஸ்போலிப்பிடும் புரதமும் சேர்ந்த மெல்லிய உறை உண்டு.

பாஸ்போலிப்பிடின் அமைப்பில்தான் சூட்சுமம். கிளிசரால் என்ற மூன்று கார்பன் கொண்ட சிறு மூலக்கூறு நடுவில் இருக்கிறது. அதன் இரண்டு இடங்களில் நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகள், மூன்றாவது இடத்தில் பாஸ்பேட். பாஸ்பேட் பக்கம் மின்னேற்றம் உள்ளது. அது தண்ணீரை விரும்பும். சங்கிலிகள் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். எனவே சங்கிலிகள் ரப்பரை நோக்கி உள்ளேயும், பாஸ்பேட் தலைகள் தண்ணீரை நோக்கி வெளியேயும் திரும்பி நிற்கின்றன. வெளிப்பக்கம் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஓர் உருண்டை இன்னொன்றை விலக்குகிறது. பால் பாலாகவே இருக்கிறது.

பாலைப் பதப்படுத்தும் ஸ்டோரில் நடந்த வேலையெல்லாம் இந்த உறையோடு நடத்திய மல்லுக்கட்டுதான். பாலைக் கட்டியாக்க வேண்டுமானால் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அமிலம் மின்னேற்றத்தைத் தணித்துவிடும், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி உறையும். பாலாகவே வெளியூருக்கு அனுப்ப வேண்டுமானால் அம்மோனியா. அது கிருமிகளை அடக்கும். பாஸ்போலிப்பிடை மெல்ல உடைத்து, அதிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலத்தைச் சோப்பாகவும் மாற்றும். அந்தச் சோப்பும் உருண்டைகளைப் பிரித்தே வைக்கும். மங்கில் தானாக உறைந்த கட்டிப்பாலுக்கும் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலுக்கும் விலை குறைவு. வாளியில் தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தியை அளக்கும் மெட்ரோலாக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். கூலிக்கணக்கில் ஏறியது பாலின் எடை மட்டுமல்ல, அதில் உள்ள ரப்பரும்தான்.

ரப்பர் ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. கரோட்டினும் கொலஸ்ட்ராலும் வைட்டமின் ஈயின் வாலும் உருவாவதும் இதே அலகிலிருந்துதான். எட்டுப் பிரிவுகளில் 'ப்ரீனால் லிப்பிடுகள்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரப்பர் அளவில் மிகப் பெரிய பாலிமர் என்பதால் பாடப்புத்தகங்கள் அதை லிப்பிட் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் வம்சாவளி ஒன்றுதான்.

ரப்பர் உருண்டைக்கு ஓரடுக்கு உறை போதும், ஏனென்றால் உள்ளே தண்ணீர் இல்லை. நம் உடலின் செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அங்கே இரண்டு அடுக்குகள் தேவை. இதை 1925இல் நெதர்லாந்தின் லெய்டனில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் காட்டினார்கள். சிவப்பு ரத்த அணுக்களின் லிப்பிடை அசிட்டோனில் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பினார்கள். அதன் பரப்பு, அணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. ஈரடுக்கு உறை என்ற கருத்து அங்கே பிறந்தது. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் அந்த அடுக்கு உறைந்து நிற்கும் சுவரல்ல, புரதங்கள் மிதக்கும் திரவப் படலம் என்று விளக்கினார்கள்.

செம்பனை வந்தது

செம்பனையின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்தன. மலாயாவில் முதல் வணிகத் தோட்டத்தை 1917இல் சிலாங்கூரின் தென்னமாரத்தில் தொடங்கியவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பேராக்கின் தெற்கே தெலுக் இந்தானுக்கு அருகில், 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா ரப்பர் தோட்டமும் பிறகு செம்பனைக்குப் பெயர் பெற்றது. 1966வாக்கில் நைஜீரியாவை முந்திக்கொண்டு மலேசியா உலகின் மிகப் பெரிய செம்பனை எண்ணெய் ஏற்றுமதி நாடானது. இந்த நூற்றாண்டில் அந்த இடத்தை இந்தோனேசியா பிடித்துக்கொண்டது.

ரப்பர் சாய்ந்து செம்பனை நிமிர்ந்தபோது தோட்டத்து லாயக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் வாழ்க்கையும் மாறியது. ரப்பருக்கு நாள்தோறும் மரத்துக்கு மரம் ஒரு கை வேண்டும். செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலையை அறுத்துத் தள்ளுவது கடும் உடல் உழைப்பு. உதிரிப்பழம் பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள் வேலையாக இருந்தது. பூவுக்குப் பூ மகரந்தம் தூவும் வேலையும் ஒரு காலத்தில் ஆள்களைக் கொண்டு நடந்தது. 1981இல் தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன், பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் இருவரின் முயற்சியால் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டு கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. மகரந்த வேலையை அது எடுத்துக்கொண்டது. காய்ப்பு கூடியது, ஒரு வேலை ஒழிந்தது.

இருபத்து நான்கு மணி நேரம்

பழுத்த செம்பனைப் பழம் ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் கீறினால் நார்நாரான ஆரஞ்சுச் சதை தெரியும். விரலால் அழுத்தினால் எண்ணெய் கசியும். அது ட்ரைகிளிசரைடு: அதே கிளிசரால், இம்முறை மூன்று இடங்களிலும் கொழுப்பு அமிலம். தண்ணீரை விரும்பும் தலை இல்லை. அதனால் உறையாகச் சேராது, சேமிப்பாகத்தான் சேரும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4. மேலும் மாவுச்சத்தோடு தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும், கொழுப்போடு ஒட்டாது. குறைந்த எடையில் அதிக ஆற்றலைப் பதுக்க உயிர்கள் கண்ட வழி இது.

பதுக்கிவைத்ததை உடைக்கும் நொதியும் அதே சதையில் இருக்கிறது. அதன் பெயர் லிப்பேஸ். பழம் மரத்தில் முழுதாக இருக்கும்வரை எண்ணெய் ஓர் அறையில், நொதி வேறோர் இடத்தில். அரிவாள் பட்டு, குலை கீழே விழுந்து, லாரியில் நசுங்கினால் தடுப்பு உடையும். லிப்பேஸ் கிளிசராலிலிருந்து கொழுப்பு அமிலங்களைக் கழற்றத் தொடங்கும். அப்படிக் கழன்றதைத்தான் ஆலைகளில் 'எப்.எப்.ஏ.' என்கிறார்கள். கச்சா எண்ணெயில் இது 5 விழுக்காட்டுக்கு மேல் போனால் தரம் போச்சு, விலையும் போச்சு.

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்ற கண்டிப்பு இதனால்தான். ஆலைக்குள் நுழைந்ததும் பழத்தைப் பிழிய மாட்டார்கள், முதலில் வேகவைப்பார்கள். அழுத்தம் ஏற்றிய நீராவியில், 130 முதல் 140 டிகிரி வெப்பத்தில், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். வெப்பத்தில் லிப்பேஸ் செத்துவிடும், பழங்களும் குலையிலிருந்து எளிதில் கழலும். பிழிவது அதற்குப் பிறகுதான். பழுக்காத குலையில் எண்ணெய் குறைவு. மிகப் பழுத்துச் சிந்தியதில் அமிலம் அதிகம். காய் வெட்டியதற்குக் கூலி பிடித்தார்கள் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் குறைக்கும், உதிரிப்பழத்தை விடாமல் பொறுக்கச் சொன்ன மேற்பார்வை மண்டோரின் அதட்டலுக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது.

நேர்ச் சங்கிலி, வளைந்த சங்கிலி

கொழுப்புகளை முறையாகப் பிரித்தாய்ந்தவர் பிரான்சின் மிஷெல் ஷெவ்ரோல். அவருடைய நூல் 1823இல் வந்தது. 1840இல் எட்மண்ட் ஃப்ரெமி செம்பனை எண்ணெயிலிருந்து பால்மிட்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பதினாறு கார்பன் நீளம், நடுவில் இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற சங்கிலி. செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு இதுதான். ஒலீயிக் அமிலம் 39, லினோலீயிக் 10, ஸ்டியரிக் 4 முதல் 5. பழத்தின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் முற்றிலும் வேறு. அதில் ஏறத்தாழ பாதி, பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம். சோப்புக்கு உகந்தது, தேங்காய் எண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம்.

பால்மிட்டிக் அமிலம் 63 டிகிரியில்தான் உருகும். பதினெட்டுக் கார்பன் கொண்ட ஸ்டியரிக் 69இல். அதே பதினெட்டுக் கார்பனில் ஒரேயோர் இரட்டைப் பிணைப்பு வந்தால் அது ஒலீயிக், 13 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டு வந்தால் லினோலீயிக், பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரியிலும் திரவம். காரணம் வடிவம். இரட்டைப் பிணைப்பு வந்த இடத்தில் சங்கிலி வளைகிறது. தைப்பிங்கை அடுத்த கோல செப்பெத்தாங் கரிச்சூளையில் நேரான பாக்காவ் (அலையாத்தி மர) கட்டைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி நிறுத்தலாம், வளைந்த கட்டைகளை அப்படி நிறுத்த முடியாது. சங்கிலிகளுக்கும் அதே கதைதான். நெருங்கி அடுக்கியவை ஒன்றையொன்று இறுகப் பற்றுவதால் திடமாகின்றன.

செம்பனை எண்ணெயில் நேர்ச் சங்கிலியும் வளைந்த சங்கிலியும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. அதனால் அது அறை வெப்பத்தில் அரைத் திடமாக நிற்கிறது. ஆலையில் மெல்லக் குளிரவைத்தால் நேர்ச் சங்கிலி மிகுந்தவை படிகமாகி அடியில் தங்கும். அது ஸ்டியரின், மார்ஜரினுக்கும் பிஸ்கட்டுக்கும் போகும். மேலே தெளியும் ஓலீன்தான் நம் வீட்டு வாணலிக்கு வருகிறது. அரசு மானிய விலையில் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் கலங்கி உறைந்திருக்கும். எண்ணெய் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். அதில் இருக்கும் பால்மிட்டிக் தன் குணத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

வடிவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டிரான்ஸ் கொழுப்பு சாட்சி. ஒலீயிக் அமிலத்தில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் சங்கிலி எதிரெதிர்ப் பக்கம் திரும்பினால் வளைவு போய்விடும், உருகுநிலை 45 டிகிரிக்கு ஏறிவிடும். திரவ எண்ணெயை வனஸ்பதியாக்க ஹைட்ரஜன் ஏற்றியபோது உருவான இந்த வடிவம் இதயத்துக்குக் கேடு என்று தெரிந்ததும், 2015இல் அமெரிக்கா அந்த வகை எண்ணெய்களை உணவிலிருந்து விலக்க முடிவெடுத்தது. இந்தியா 2022இல் 2 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. இயல்பிலேயே அரைத் திடமான செம்பனைக்கு ஹைட்ரஜன் தேவைப்படவில்லை. உலகத்து பேக்கரிகள் அதன் பக்கம் திரும்பியதற்கு இது பெரிய காரணம்.

ஆய்வுக்கூடத்தில் தமிழ்ப் பெயர்கள்

தோட்டத்துத் தமிழர் கதையைச் சொல்லும்போது அரிவாளும் வாளியும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. லிப்பிட் ஆராய்ச்சிக்கென்றே வரும் உலகப் புகழ்பெற்ற இதழ் ஒன்றில், 2000ஆம் ஆண்டு, செம்பனை எண்ணெயின் வேதியியலையும் உயிர்வேதியியலையும் தொகுத்துரைத்த நீண்ட கட்டுரை வெளியானது. எழுதிய மூவரில் இருவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, கல்யாண சுந்தரம். இருவரும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானிகள்.

ரவிகாதேவி குழுவினர் கேட்ட கேள்விகளில் ஒன்று எளிமையானது: செம்பனை ஏன் பதினாறு கார்பனிலேயே நின்றுவிடுகிறது? கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பனாக வளரும். பதினாறிலிருந்து பதினெட்டுக்கு நீட்டும் நொதியின் வேலை செம்பனைச் சதையில் மந்தம். அதற்குள் வேறொரு நொதி சங்கிலியை வெட்டிவிடுகிறது. நீட்டும் நொதி சுறுசுறுப்பாக உள்ள மரங்களின் எண்ணெயில் ஒலீயிக் கூடுதலாக இருக்கிறது. 44 விழுக்காடு பால்மிட்டிக் என்ற கணக்குக்குப் பின்னால் இந்தப் போட்டி இருக்கிறது. குளிரூட்டினால் பழம் கெடாது என்ற எண்ணமும் செம்பனையிடம் செல்லாது என்று அவர்கள் ஆய்வு காட்டியது. முழுப் பழத்தைக் கடும் குளிரில் வைத்தால் லிப்பேஸ் விழித்துக்கொள்கிறது.

2013இல் வாரியத்தின் குழு அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து செம்பனையின் முழு மரபணுத் தொகுதியையும், பழத்தின் ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவையும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. ராஜிந்தர் சிங், ரவிகாதேவி ஆகியோர் அதில் முன்னின்றவர்கள். தடித்த ஓடுள்ள டூரா, ஓடே இல்லாத பிசிபெரா, இரண்டின் கலப்பான மெல்லோட்டு டெனெரா என்ற மூவகையும் ஒரே மரபணுவின் விளையாட்டு என்று 1941இலேயே காங்கோவில் கண்டிருந்தார்கள். டெனெராவில் எண்ணெய் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல். ஆனால் கன்றைப் பார்த்து எது டெனெரா என்று சொல்ல முடியாது, காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும். மரபணு கிடைத்தபின் நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்துச் சொல்லிவிடலாம். அதே விளைச்சலுக்குக் குறைந்த நிலம் போதும் என்பதே இதன் பொருள். காடழிப்புக்காக உலகம் முழுவதும் ஏச்சு வாங்கும் பயிருக்கு இது சின்ன விஷயமல்ல.

இதயத்துக்கு எப்படி?

1980களின் இறுதியில் அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. மாரடைப்பிலிருந்து பிழைத்த ஃபில் சொகோலாஃப் என்ற தொழிலதிபர், வெப்பமண்டல எண்ணெய்கள் அமெரிக்கர்களுக்கு நஞ்சூட்டுகின்றன என்று சொந்தப் பணத்தில் பிரசாரம் செய்தார். நிறுவனங்கள் பல செம்பனையைக் கைவிட்டு, ஹைட்ரஜன் ஏற்றிய சோயா எண்ணெய்க்குப் போயின. டிரான்ஸ் கொழுப்பின் கேடு பரவலாகத் தெரியாத காலம் அது.

அந்த விளம்பரம் மிகை. அதற்காகப் பால்மிட்டிக் அமிலம் நிரபராதி ஆகிவிடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை, பால்மிட்டிக் அமிலம் இதயநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதை ஐயத்துக்கு இடமில்லாத சான்றுகளின் வரிசையில் வைத்தது. கல்யாண சுந்தரம், பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தின் கே.சி.ஹேய்ஸ் ஆகியோரின் ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது: நிறைவுற்றதையும் லினோலீயிக் போன்றதையும் தக்க விகிதத்தில் கலந்தால் ரத்தத்தின் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்), எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) விகிதம் மேம்படும். அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. செம்பனையில் பால்மிட்டிக் பெரும்பாலும் கிளிசராலின் ஓரங்களில் இருக்கிறது, நடு இடத்தில் ஒலீயிக். தாய்ப்பாலில் இது தலைகீழ்: பால்மிட்டிக்கில் பெரும்பகுதி நடுவில். குழந்தை உணவு தயாரிப்பவர்கள் கொழுப்பு அமிலங்களை இடம் மாற்றிப் பால்மிட்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரப் பாடுபடுவது இதனால்தான்.

செம்பனை விஷமும் அல்ல, மருந்தும் அல்ல. கச்சா எண்ணெயின் சிவப்பில் கரோட்டினும் டோகோட்ரையினால் வகை வைட்டமின் ஈயும் நிறைய உண்டு. ஆனால் சுத்திகரிக்கும்போது நிறம் அகலும், கரோட்டினும் அதோடு போய்விடும். கடையில் வாங்கும் மஞ்சள் எண்ணெயைக் காட்டி அந்தப் பெருமை பேசுவதில் அர்த்தமில்லை.

கணக்கு இதுதான். நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவர் நிறைவுற்ற கொழுப்பை 22 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு மேசைக்கரண்டி செம்பனை ஓலீனில் அது ஏறத்தாழ 6 கிராம், தேங்காய் எண்ணெயில் 12, நல்லெண்ணெயில் 2. காலை நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால், மதியக் குழம்பின் தாளிப்பு, மாலை வடை மூன்றும் அந்த 22க்குள் அடங்க வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு என்று அச்சிட்டிருக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலையோடு அந்த எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.